நான்காம் நிலையம்

ஆதனூர் வாய்க்கால் அடையாற்றில் விழுவதற்கு
முந்நூறு மீட்டர் முன்னால்
பாலத்தின் மூன்றாம் தூண்.
நிலையம் என்றால் கட்டடம் கிடையாது,
தூணில் மஞ்சள் பெயிண்டால் எழுதிய ஒரு 4.
அதன்மேல் யாருக்கோ கண்ணீர் அஞ்சலி.
போஸ்டரைக் கிழிக்க மனம் வராமல்
எண் தெரிகிற அளவுக்கு
ஓரத்தை மட்டும் மடித்துவிட்டிருக்கிறார் தேசப்பன்.

மாதத்தின் இரண்டாம் செவ்வாய், காலை ஆறரை,
வீச்சுவலை, ஐந்து வீச்சு.
ஆறாவதில் விரால் விழும் என்று
அவருக்குத் தெரிந்தாலும்
ஐந்துதான்.
வாளியில் கொட்டி, எண்ணி, அளந்து,
திரும்ப விட்டுவிடுவோம்.
முடிச்சூர் போகிற வண்டிகள் பாலத்தில் நின்று
கிலோ எவ்வளவு என்று கேட்கும்.
"விக்கிறதுக்கு இல்ல சார், கணக்குக்கு."
எந்தக் கணக்கு என்று
இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

பத்தொன்பது வருடம், பதினொரு நோட்டு.
முதல் நான்கில் ஹெப்சிபாவின் கையெழுத்து.
அவளுடைய ஒன்றும் ஏழும்
ஒரே வயிற்றில் பிறந்த இரட்டைகள்.
2009 ஆகஸ்ட், அயிரை:
ஒன்றா, ஏழா?
தூத்துக்குடிக்கு போன் போட்டுக் கேட்டேன்.
"அன்னைக்கு மழைடி, ஒரு கையில குடை.
ஏழாத்தான் இருக்கணும்னு மனசு சொல்லுது."
மனசு சொல்வதற்கு நோட்டில் கட்டம் இல்லை.
ஒன்று என்றே ஏற்றினேன்.
ஆறு அயிரைகளை அன்று
நானே வாய்க்காலிலிருந்து எடுத்துவிட்டேனோ என்று
சில ராத்திரி விழிப்பு வரும்.

2015 டிசம்பர்ப் பக்கத்தில்
ஒரு வரிதான்: தூண் தெரியவில்லை.
ஜனவரியில் முதல் வீச்சில் ஒரு பள்ளிக்கூடப் பை,
பெயர்ச்சீட்டு ஊறி எழுத்து கரைந்திருந்தது.
மார்ச்சில் சக்கர் மீன் ஒன்று,
யார் வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலிருந்தோ,
கவசம் போட்டதுபோல் உடம்பு.
அடுத்த மார்ச்சில் பதினான்கு.
அதற்கடுத்து எண்ணி முடிக்கும்முன்
வெயில் ஏறிவிட்டது.
வலையைக் கிழிக்கிற அதை
தேசப்பன் கெட்ட வார்த்தையில்தான் கூப்பிடுவார்.
நான் அதன் விலங்கியல் பெயரை எழுதுவேன்.
இரண்டும் ஒரே மீன்.

போன வருடம் நோட்டுகளைக் கணினியில் ஏற்றினோம்.
மென்பொருளுக்குக் காலிக் கட்டம் பிடிக்காது,
கண்ட இடத்திலெல்லாம் சுழியம் போட்டுவிட்டது.
2020 ஏப்ரல், மே, ஜூன்:
வரைபடத்தில் வாய்க்கால் செத்துக் கிடந்தது.
தெருவில் ஆளே இல்லாத அந்த மூன்று மாதம்
பனையேறிக் கெண்டை
பாலத்தடி ஈரத்தில் ஏறிக்கூட வந்திருக்கலாம்.
பார்க்க நாங்கள் இல்லை.
சுழியம் என்றால்
நின்றோம், வீசினோம், மீன் வரவில்லை.
காலி என்றால்
நாங்கள் வரவில்லை.
ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து
நாங்கள் வராத மாதங்களை
ஒவ்வொன்றாகக் காலி செய்தேன்.

அயிரை வரிசையில் 2012 முதல் சுழியம்.
அது கைவிட்டுப் போன சுழியம் இல்லை,
ஒவ்வொரு செவ்வாயும் உடை நனைந்து வாங்கியது.

இந்த ஆகஸ்ட், நான்காம் வீச்சு,
ஒன்பது சக்கர், இரண்டு சிலேப்பி,
பிளாஸ்டிக் உறையில் ஒட்டிக்கொண்டு
விரற்கடைக்குச் சற்று நீளமாய் ஒன்று,
மீசை துடிக்க.
முபீனா அளவுகோலை நீட்டினாள்.
நாற்பத்தாறு மில்லிமீட்டர்.
யாரும் பேசவில்லை.
பிறகு தேசப்பன் கரையைப் பார்த்தார்:
"மேல கடைக்காரன் அயிரை வாளியை
நேத்து இங்கதான் கழுவினான்."

வாளியில் வந்ததா, வழியில் வந்ததா,
மீனைக் கேட்க முடியாது.
குறிப்புப் பத்தியில் கேள்விக்குறி ஒன்று போட்டேன்.
அயிரை என்ற கட்டத்தில்
எவரும் ஏழு என்று படித்துவிடாதபடி
நேராக, அழுத்தி, ஒரு கோடு.
மை காய்வதற்குள்
ஐந்தாம் வீச்சுக்கு அவர்
தொடையளவு கறுப்புத் தண்ணீரில்
இறங்கி நின்றிருந்தார்.